இறுக மூடிய குப்பிகள்

அம்மா மிக்ஸியின் மூடியைத் திறந்ததும் மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜாரின் உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிற நுரை அப்பியிருந்தது. அம்மா கரண்டியை விட்டுத் தூக்கினாள். கரண்டியோடு ஒரு நூலும் எழுந்தது. இழுக்க இழுக்க மெலிந்து, அறுந்துபோக மனமில்லாமல் காற்றில் ஆடி, கடைசியில் அம்மாவின் மணிக்கட்டில் சரிந்து ஒட்டிக்கொண்டது. அம்மா அதைக் கைத்துண்டில் துடைத்துவிட்டு, அதே துண்டால் அடுப்பு மேடையையும் ஒரு துடை துடைத்தாள்.

"பேஞ்ச மழைக்குப் பின்சுவரு பூரா நத்தைதான். அப்படியே வழிச்சு அள்ளிட்டேன்" என்றாள், சந்தையில் ஏதோ மலிவாகக் கிடைத்துவிட்ட குரலில்.

"அதே ஜார்லயாம்மா?"

"வேற ஜாருக்கு எங்க போறது? கழுவித்தான வைக்கிறேன். மூக்கைப் பொத்தாத. கண்டுபிடிச்சவளே நீதான்."

வடிகட்டியதைக் கொதிக்க வைக்கும்போதுதான் உண்மையான நாற்றம் கிளம்பும். ஈரச் சுவரும் அழுகிய முட்டைக்கோசும் பழைய இரும்பும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல. அது வீட்டில் எங்கும் போகாது. திரைச்சீலையில் தங்கும், தலையணையில் தங்கும், மதியம் சோற்றைப் பிசையும்போது விரலிடுக்கிலிருந்து எழுந்து வரும். கொதிக்க வைத்தாவது கொடு என்று சொன்னவள் அவள்தான். படித்தவள் என்ற முறையில் அந்த வீட்டில் அவள் சொன்ன ஒரே எச்சரிக்கை அது.

முன்னறையில் சித்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் எவர்சில்வர் கிண்ணத்தோடு. சித்தி கேக் கடையில் அலங்காரம் செய்பவள். க்ரீமால் ரோஜா வைப்பாள், பிறந்தநாள் குழந்தைகளின் பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதுவாள். குளிர்பெட்டியில் பக்கத்து அடுக்கில் யாராவது வெங்காயம் வைத்திருந்தால் அன்றைய க்ரீம் முழுவதையும் கீழே கொட்டச் சொல்லிவிடுவாள் என்று கடையில் பெயர். அவளுடைய நாக்கின் அடியில்தான் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம் என்பதால் கதிர்வீச்சு முடியும்வரை அக்கா வீட்டில் தங்க வந்திருந்தாள். வீட்டில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. கரண்ட் வைக்கிறார்கள் என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் கரண்ட். சித்தியின் எச்சில் இப்போது எச்சிலாக இல்லை. வெள்ளையாகத் திரண்டு, உதட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நூலாகத் தொங்கியது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மிக்ஸி ஜார் நினைவுக்கு வந்தது. தன் சொந்தச் சித்தியைப் பார்த்து இப்படி ஒன்று நினைவுக்கு வருகிறதே என்று பிறகு தன்மேலேயே குமட்டியது.

"வந்துருச்சா அமுதம்?" என்றாள் சித்தி கரகரத்த குரலில், டம்ளரை வாங்கிக்கொண்டே. "டாக்டரம்மா, உன் பட்டம் எல்லாம் என் வயித்துலதான்டி இருக்கு."

சித்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். சில நாள் உள்ளே தங்கும். பல நாள் குளியலறைக்கு ஓடுவாள்.

*

நத்தை என்பது அவளுடைய பேராசிரியரின் யோசனை. எவ்வளவு கதிர் கொடுத்தாலும் நத்தை லேசில் சாகாது, ரகசியம் அதன் சளியில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்கும் வேலை ஆராய்ச்சி மாணவியான அவள் தலையில் விழுந்தது. கண்ணாடிக் குப்பிகளில் மனிதச் செல்களை வளர்க்க வேண்டும். பாதிக் குப்பிகளில் சளியைக் கலக்க வேண்டும், மீதிக் குப்பிகளை அப்படியே விட வேண்டும். இரவெல்லாம் கதகதப்பான பெட்டியில் வைத்திருந்து, காலையில் அடுத்த கட்டிடத்துக்கு எடுத்துப்போய் எல்லாக் குப்பிகளுக்கும் ஒரே அளவு கதிர் கொடுக்க வேண்டும். பிறகு செல்களைத் தட்டுகளில் விதைத்து இரண்டு வாரம் காத்திருந்தால், பிழைத்த செல் ஒவ்வொன்றும் பெருகி ஒரு குட்டிக் கூட்டமாகும். ஊதாச் சாயம் ஊற்றினால் அந்தக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். சளி போட்ட தட்டுகளில் புள்ளிகள் வானத்து நட்சத்திரம்போல இறைந்து கிடந்தன. சளி போடாதவற்றில் அங்கொன்று இங்கொன்று. திரும்பச் செய்தாள், அதேதான். பேராசிரியர் அவள் தோளில் தட்டினார். அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்து, நத்தை செல்லைக் காப்பாற்றுகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அடுத்த மாதம் சித்திக்கு நோய் வந்தது. அம்மா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். குடிக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. குடிக்காதே என்றும் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கி என்று பெயர். வைத்தது சீனியர் அக்கா. சளிக்குப்பியைத் தொடும்போதெல்லாம் அவள் முகம் போகும் கோணலைப் பார்த்து வைத்த பெயர். சளி கலந்த திரவம் ஆட்டினால் நுரைக்கும். குப்பியில் காலியிடம் இருந்தால் அந்த நுரையும் நாற்றமும் அங்கே சேர்ந்துகொண்டு, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். மூடி தளர்வாக இருந்தாலோ பெட்டி முழுக்கப் பரவும். அதனால் சளிக்குப்பிகளை மட்டும் அவள் கழுத்துவரை நிரப்பிவிடுவாள், மூடியை முழுப் பலத்தோடு திருகி, அதன்மேல் மெழுகுநாடாவையும் இழுத்துச் சுற்றிவிடுவாள். மற்ற குப்பிகளுக்கு அந்தக் கவலை இல்லை. பாதி நிரப்பி, மூடியைச் சும்மா மேலே வைத்ததுபோல வைப்பாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அருவருப்பு தானாகக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

அந்த மழைக்குப் பிறகு அவளுக்கு நல்ல ஜலதோஷம் பிடித்தது. மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டன. ஜலதோஷத்தோடு அவள் செய்த சோதனையில் நத்தைச் சளி வெறும் கொழகொழப்பான தண்ணீர், அவ்வளவுதான். வெளியே போகும் அவசரத்தில் எல்லாக் குப்பிகளையும் ஒரேமாதிரி பாதி நிரப்பி, ஒரேமாதிரி மூடிகளைத் தளர்வாக வைத்தாள். இரண்டு வாரம் கழித்துச் சாயம் ஊற்றியபோது சளி போட்ட தட்டுகளும் காலியாக இருந்தன. நட்சத்திரங்களைக் காணோம்.

முதலில் நத்தையைச் சந்தேகித்தாள். பிறகு சாயத்தை. பிறகு இயந்திரத்தை. தட்டுகளைக் கழுவும் தொட்டியருகே நின்று ஊதாநிறத் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அந்தத் தடவை மெழுகுநாடாவே தேவைப்படவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. 

முதலாண்டுப் பாடம். கதிர் ஒரு செல்லைக் கொல்வதற்குப் பக்கத்தில் ஆக்சிஜன் வேண்டும். கதிர் அறுத்ததை ஒட்டவிடாமல் செய்வது அதுதான். செல்லின் வயது, அது பிரியும் நேரமா இல்லையா, கதிர் ஒரேயடியாக வருகிறதா கொஞ்சம் கொஞ்சமாகவா, எல்லாம் கணக்குத்தான். ஆனால் காற்றில்லாமல் மூச்சுத்திணறிக் கிடக்கும் செல்லைக் கதிரால் அவ்வளவு சுலபமாகத் தொட முடியாது. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். கழுத்துவரை நிரம்பி, இறுக மூடி, மெழுகு சுற்றிய குப்பிக்குள் செல்கள் இரவெல்லாம் இருந்த காற்றைத் தின்று தீர்த்துவிட்டன. காலையில் கதிர் வந்தபோது அவை அரைமயக்கத்தில் கிடந்தன, பிழைத்துக்கொண்டன. நத்தை அங்கே சும்மா நாறிக்கொண்டிருந்தது.

சந்தேகத்தைச் சோதிக்க ஒரே வழிதான். சளியே இல்லாத குப்பிகளைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடினாள். மறுபடியும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் காலையில் மிக்ஸி ஓடும் சத்தத்தில் கண்விழித்தாள். இன்னும் உறுதியாகவில்லையே, உறுதியாகாமல் எப்படிச் சொல்வது என்று போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விஞ்ஞானி அப்படித்தான் இருக்க வேண்டும் என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டாள். குளியலறையில் சித்தி வாந்தியெடுக்கும்போது பின்னால் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். விரலுக்குக் கீழே முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது.

சாயம் ஊற்றிய அன்று சீனியர் அக்கா பக்கத்தில் இருந்தாள். தட்டுகளில் ஊதாப் புள்ளிகள் இறைந்து கிடந்தன.

"அடேயப்பா, நத்தை நல்லா வேலை செஞ்சிருக்கே" என்றாள் சீனியர்.

"இதுல நத்தையே இல்லக்கா. வெறும் மூடி."

சீனியர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்டி மூக்கி. நத்தை நெஜமாவே காப்பாத்துதுன்னே வெச்சுக்கோ. உன் சித்தி வாய்க்குள்ள போயி, நீ நல்ல செல்லு வா, நீ கெட்ட செல்லு போன்னு ஆள் பார்த்தா காப்பாத்தும்?"

"தெரியும்க்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமா குடிக்க விட்ட?"

அவள் தட்டுகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.

*

பேராசிரியர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். நடுநடுவே ஒரு சுளையை வாயில் போட்டு, கொட்டைகளை உள்ளங்கையில் துப்பி, மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஈரமான கொட்டைகள் அவள் ஆய்வுக்கட்டுரையின் முதல் பக்கத்தின்மேல் மினுங்கின.

"நீ ரொம்ப யோசிக்கிறம்மா" என்றார் கடைசியில், கனிவாகவே. "மூடி இறுக்கமா இருந்தா நத்தை நல்லா வேலை செய்யுது. அப்படி எழுதிக்கலாமே."

"நத்தை இல்லாமலும் வேலை செய்யுது சார்."

"அதை யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"பேப்பர் ஏத்துக்கிட்டாங்க. இந்த நேரத்துல போயி மூடி, நாத்தம், ஜலதோஷம்னா சிரிப்பாங்க. உன்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க, என்னை இல்ல. மொதல்ல பட்டத்தை வாங்கு. மூடியைப் பத்தி அடுத்த பேப்பர்ல பேசிக்கலாம்."

"என் தீசிஸ்ல அந்த நத்தை அத்தியாயம் எனக்கு வேண்டாம் சார்."

"அப்போ உனக்கு என்ன மிச்சம்?"

அவர் அதைத் திட்டாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார். பிறகு ஒரு சுளையைப் பிய்த்து அவள் கையில் வைத்தார். அது அவர் விரல் சூட்டோடு, கொஞ்சம் நசுங்கி இருந்தது. நடைபாதை நெடுக அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே போனாள். கழுவுத்தொட்டியில் போட்டுவிட்டு, கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவினாள். அவரைவிடத் தன்மேல்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது. அவர் வாய்விட்டுச் சொன்னதைத்தானே அவள் இரண்டு வாரமாகப் போர்வைக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் சித்தியைக் கரண்டுக்கு அழைத்துப்போனது அவள்தான். சித்தியின் முகத்துக்கு அச்செடுத்துச் செய்த வலைமுகமூடி ஒன்று உண்டு. அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிட்டால் தலை ஒரு மயிரிழையும் அசையாது, கதிர் குறி தவறாது. கரண்ட் அறையில் வேலை பார்க்கும் பெண் முகமூடியைப் பூட்டிவிட்டு, தாடைக்கும் வலைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போய்வந்தது.

வெளியே வந்து அவளைத் தனியே கூப்பிட்டாள். "சாப்பிடறாங்களா இல்லையா? மொதல்ல இதுல ஒரு விரல்கூட நுழையாது."

"வாந்தி எடுக்கறாங்க."

"தொண்டை புண்ணா இருக்கும், வலிக்கும். ஆனா வாந்தி இவ்வளவு வரக்கூடாதே. வேற எதாவது கொடுக்கறீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"எது கொடுத்தாலும் நிறுத்துங்க. இன்னும் இளைச்சா மாஸ்க் புதுசா செய்யணும், அதுவரைக்கும் கரண்டை நிறுத்தி வைக்கணும். நடுவுல நாள் விட்டா உள்ள இருக்கறதுக்குக் கொண்டாட்டம். செத்தது போக மிச்சம் இருக்கறதெல்லாம் எழுந்து உக்காந்துக்கும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் சித்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்து, துணியில் ஒட்டியிருந்தது. வாயிலிருந்து வந்த வாடையில் அவள் தன்னையறியாமல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரி பெஞ்சுல என் பக்கத்துல உக்காருவாரே ஒருத்தர், அவரு வர்றதையே நிறுத்திட்டாராம்" என்றாள் சித்தி, ஒவ்வொரு வார்த்தையாக. "தாங்கல போல. அந்த நத்தை மட்டும் இல்லேன்னா நானும் எப்பவோ ஓடிப்போயிருப்பேன்டி. அந்த மேஜையில படுக்கும்போது, உள்ள ஒரு காவல் இருக்குன்னு நெனச்சுக்குவேன்."

சொன்னால் சித்தி கரண்டையே விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் முகமூடிக்குள் மூன்று விரல் போகும். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கியது. சித்தியின் தலை எவ்வளவு லேசாகிவிட்டது என்பது அவள் தோளுக்குத் தெரிந்தது.

*

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல டம்ளரை வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனாள். சித்தி டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

"சித்தி, குடிக்காதீங்க."

"ஏன், உப்பு கம்மியா?"

"அது வேலை செய்யாது. நான் பண்ணின தப்பு." அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நாத்தம் தாங்காம நத்தைக் குப்பியை மட்டும் இறுக்கி மூடிட்டேன். உள்ள காத்து தீந்துபோச்சு. காத்து இல்லேன்னா கரண்ட் செல்லைச் சரியாக் கொல்லாது. அதான் பொழச்சுது. நத்தை ஒண்ணுமே பண்ணல. உங்களுக்கு இப்ப வேண்டியது சாப்பாடும் ரத்தமும்தான். ரத்தம் நல்லா இருந்தாத்தான் அந்தக் கட்டி வரைக்கும் காத்து போகும், கரண்டும் அதைக் கொல்லும். இது உங்களைச் சாப்பிட விடாம பண்ணுது."

சித்தி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் எட்டிப் பார்த்தாள்.

"மூடி" என்றாள்.

"ஆமா."

"அப்ப இத்தனை நாளும் நான் குடிச்சது?"

"வெறும் நத்தை."

சித்தியின் உதடுகள் நடுங்கின. சிரிக்கப் போகிறாளோ என்று தோன்றியது. சிரிக்கவில்லை. கிண்ணத்தில் துப்பினாள். நூல் அறுந்து விழ நேரமானது.

"எப்ப தெரியும் உனக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் ராத்திரியெல்லாம் பயந்திருந்தாள். "உறுதியாத் தெரிஞ்சது நேத்து."

"உறுதியா இல்லாம?"

"ஜலதோஷம் போனதுக்கு அப்பறமே… சந்தேகம் வந்துச்சு."

சித்தி மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கி நகர்த்துவது முகத்தில் தெரிந்தது. "நான் உள்ள குனிஞ்சு வாந்தி எடுக்கும்போது, பின்னால நின்னு முதுகைத் தடவிக் குடுத்தியே. அப்ப."

"அப்ப சந்தேகம் இருந்துச்சு."

"நல்லாத் தடவுன" என்றாள் சித்தி.

தெருவில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சித்தி எழுந்திருக்கவில்லை. "அவனைப் போகச் சொல்லு. நான் வரல" என்றாள்.

"சித்தி, என்னைத் திட்டுங்க. அடிங்க. ஆனா கரண்டை விடாதீங்க. ஒரு நாள் விட்டாகூட—"

"நான் எதை நம்பி அங்க போயிப் படுக்கறது? உன்னையா?"

 ஆக்சிஜன், செல், கணக்கு என்று அவள் வாயில் இருந்த சொற்கள் எல்லாம், எதிரே இருந்த அந்தக் கறுத்த கழுத்தின் முன்னால் சப்பென்று இருந்தன.  சித்தி டம்ளரை நீட்டினாள்.

"ஒரு தடவையாவது வாயில வெச்சுப் பார்த்தியா இதை?"

"இல்ல."

"குடி."

"சித்தி…"

"நீ குடிச்சா நான் செருப்பைப் போடறேன். இல்லேன்னா நீயே போயி அந்த மேஜையில படுத்துக்கோ. உன் அளவுக்கு ஒரு மாஸ்க் செஞ்சு குடுப்பாங்க."

டம்ளர் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே சாம்பல் நிற ஆடை படிந்திருந்தது, மூச்சுக்காற்று பட்டதும் சுருங்கி விலகியது. மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சித்தியால் எத்தனை நாள் மூச்சைப் பிடித்திருக்க முடிந்திருக்கும் என்றும் நினைத்தாள். பிடிக்காமலேயே சாய்த்தாள்.

அது திரவமாக வரவில்லை. ஒரே திரளாக, தானே இடம் தேடிக்கொள்வதுபோல நாக்கின்மேல் ஏறிப் பரவி, கன்னத்தின் உட்புறமெல்லாம் ஒட்டிக்கொண்டது. டம்ளரை விலக்கியபோது ஒரு நூல் உதட்டோடு வந்தது. கண்களில் நீர் முட்டியது. வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். விழுங்கலாம் என்றால் தொண்டை கல்லாக அடைத்துக்கொண்டு உள்ளே விட மறுத்தது. நெஞ்சு குலுங்கியது. தரையில் கையூன்றி, உதடுகளை இறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? வண்டி நிக்குது" என்றாள் அம்மா, தெருவிலிருந்தே.

சித்தி எழுந்துவிட்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பில் காலை நுழைத்திருந்தாள். இன்னொரு செருப்பு கையில் இருந்தது. அதைக் கீழே போடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு ஊட்டுகிறவர்களின் வாய் தன்னால் திறந்துகொள்வதுபோல, சித்தியின் கருகிய தொண்டை விழுங்கும் அசைவில் ஒருமுறை மேலேறி இறங்கியது. வலியில் கண்கள் சுருங்கின. மறுபடியும் ஏறியது.